கீழே பார்த்த அம்பு

போன மாதம் சர்க்கரை பார்ப்பதற்காக, நான் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்த லேபுக்கே நோயாளியாகப் போனேன். என் நாற்காலி இருந்த இடத்தில் ஓர் இயந்திரம் இருந்தது. ரத்தத்தைக் கொடுத்தால் பதினெட்டு வரி அச்சடித்துத் தருகிறது. வரிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அம்புக்குறியும் போடுகிறது. அளவு கூடினால் அம்பு மேலே பார்க்கிறது, குறைந்தால் கீழே பார்க்கிறது.

இப்போது அங்கே டெக்னீசியனாக இருக்கும் கவிதா என் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு அம்புதான் சார். ரெண்டும் கீழதான் பாக்குது, ஒண்ணும் பயமில்ல" என்றாள்.

"கீழ பாத்தா பயமில்லன்னு யாரும்மா சொன்னது?"

"கொறைஞ்சா நல்லதுதானே சார்."

நான் பேசத் தொடங்கினேன். ஐந்து நிமிடத்தில் வெளியே நின்ற வரிசை கதவு வழியாக எட்டிப் பார்க்கத் தொடங்கியது. "எழுதிக் குடுங்க சார், நாங்க எல்லாரும் படிக்கோம்" என்றாள் கவிதா. அது மரியாதையா, என்னை வெளியே அனுப்பும் வழியா என்று தெரியவில்லை. எதுவானாலும் எழுதிவிட்டேன்.

என்னிடம் ஆதாரம் இருக்கிறது. சிவகாசிப் பக்கத்தில் வாழ்பவனுக்கு டைரிப் பஞ்சம் வராது. மார்கழி பிறந்தால் அச்சகத்துக்காரர்கள் டைரியைக் கொடுத்துவிட்டுத்தான் வணக்கமே சொல்வார்கள். வாங்கியவர்களில் பெரும்பாலோர் முதல் பக்கத்தில் பெயர் எழுதுவார்கள், இரண்டாம் பக்கத்தில் பால்காரர் கணக்கு எழுதுவார்கள், பிறகு பிள்ளைகள் கிறுக்கக் கொடுத்துவிடுவார்கள். நான் எழுதினேன். 1979 முதல் 2011 வரை முப்பத்துமூன்று டைரிகள், நாள் தவறாமல். என் மனைவி இதை ஒரு வியாதி என்பாள். எந்தத் தேதியிலிருந்து என்று கேட்டால் கோபப்படுவாள்.

பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மதுரையில் ஒரு வருடம். அப்போது ரத்தத்தின் மேலே தெளியும் சீரத்தை அளந்து எடுக்கக் கண்ணாடிக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சுவோம். "நாக்குல படாம நிறுத்துறவன்தான் டெக்னீசியன்" என்பார் எங்கள் வாத்தியார். ஆறாம் மாதம் அவருக்கே காமாலை வந்து, மூன்று மாதம் வகுப்பு நடக்கவில்லை. அவருக்குப் பதிலாக வந்தவர் அலமாரியிலிருந்து அதே குழாயை எடுத்து வாயில் வைத்துத்தான் பாடத்தைத் தொடங்கினார். காமாலையைப் பற்றி நான் கற்ற முதல் பாடம் அது: நோய் என்னவோ ஒன்றுதான், ஆனால் அதற்கு முன்னால் எல்லாரும் அவரவர் வழக்கத்தை மாற்றாமல் நிற்பார்கள்.

நான் வேலை பார்த்தது விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையே ஒரு டிரஸ்ட் நடத்திய நாற்பது படுக்கை ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். அது இன்னும் நடக்கிறது, என் சர்க்கரையும் அங்கேதான் பார்க்கப்படுகிறது.

எங்களிடம் வரும் காமாலைக்காரர் யாரும் நேராக வருவதில்லை. முதலில் கீழாநெல்லி. அரைத்து, மோரில் கலந்து, உப்பில்லாப் பத்தியம். அதில் நின்றால் சரி. நிற்காவிட்டால் மாலை. ஏதோ ஒரு கொடித் தண்டை விரல் கணு அளவுக்கு நறுக்கி, ஊசியில் கோக்காமல், நூலால் சுருக்குப் போட்டுச் சுருக்குப் போட்டுக் கட்டிய மாலை. முதல் நாள் தலையில் கிரீடம் மாதிரி வைப்பார்கள். நாளாக ஆக அது தானே நீளும். கழுத்துக்கு வரும், நெஞ்சுக்கு வரும், தொப்புளுக்கு வரும். மாலை இறங்க இறங்கக் காமாலையும் இறங்குகிறது என்று அர்த்தம். அதிலும் நிற்காவிட்டால்தான் நாங்கள்.

2001 ஆனி மாதம் அப்படி ஒரு புது மாலையை வரவழைத்து லேபில் இருந்த சலைன் ஸ்டாண்டில் மாட்டினேன். தினமும் காலை எட்டு மணிக்கு டேப்பால் அளந்தேன். முதல் நாள் இருபத்தோர் அங்குலம். பதினோராம் நாள் முப்பத்தெட்டு. தண்டு காய்ந்து சுருங்குகிறது, சுருக்கு தளர்கிறது, மாலை நீள்கிறது, அவ்வளவுதான். அந்த ஸ்டாண்டுக்குக் கண் மஞ்சளாக இருந்ததாக எனக்கு நினைவில்லை.

எங்கள் பெரிய டாக்டருக்கு இந்தச் சோதனை மிகவும் பிடித்துப்போனது. டிரஸ்ட் உறுப்பினர்கள் வரும்போதெல்லாம் என்னைக் கூப்பிட்டுச் சொல்ல வைப்பார். "கீழ இறங்குறதப் பாத்தா கொணமாகுதுன்னு நம்புறாங்க. அறிவியல் கண் வேணும்" என்று முடிப்பார்.

பெரிய டாக்டரைப் பற்றிச் சொல்லவேண்டும். நல்ல படிப்பு, மெல்லிய குரல். அவர் யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. ஆனால் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் பார்த்ததில்லை. நான் லேப். சிஸ்டர் எஸ்தர் வார்டு. மருந்து அறையில் இருந்தவர் ஸ்டோர். "என்ன லேப், சாப்பிட்டாச்சா?" என்று அன்பாகத்தான் கேட்பார். ரவுண்ட்ஸ் வந்தால் முதலில் தாளைப் பார்ப்பார். அதைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்து, தலையைச் சாய்த்து, நகைக்கடையில் வளையலைப் பார்ப்பவர் மாதிரி பார்ப்பார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்துக் கேஸ் ஷீட்டின் மேல் மூலையில் ஓர் அம்பு போடுவார். நோயாளியின் முகத்தை அதற்குப் பிறகுதான் பார்ப்பார், அதுவும் நேரமிருந்தால்.

அம்பு அவருடைய கண்டுபிடிப்பு. காமாலை வார்டில் எஸ்.ஜி.பி.டி. என்ற ஓர் எண்ணுக்கு மட்டும்தான் அம்பு. அது கல்லீரல் செல்லுக்குள் இருக்கும் சரக்கு. செல் உடைந்தால் ரத்தத்தில் கலந்து எண் ஏறும். பிலிருபினுக்கும் அம்பு போடலாமே என்று ஒருமுறை கேட்டேன். அதுதானே கண்ணை மஞ்சளாக்குவது.

"ரெண்டு அம்பு போட்டா ஆள் கொழம்பிருவாங்க, லேப். பிலிருபின் மெதுவாத்தான் எறங்கும். அது நம்ம நிர்வாகக் குழு மாதிரி" என்றார்.

ஆறு மாதத்தில் வார்டே அம்பைப் படிக்கக் கற்றுக்கொண்டது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட, "அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரருக்கு அம்பு எங்கன பாக்குது?" என்று கேட்பார்கள். கீழே பார்த்தால் வீடு, மேலே பார்த்தால் மதுரை. தலைமாட்டில் மாலையும் கால்மாட்டில் அம்பும் தொங்க, இரண்டும் இறங்குவதை எண்ணிக்கொண்டு படுத்திருந்த ஒருவரை நானே பார்த்திருக்கிறேன்.

பேச்சியம்மாள் வந்தது 2006, விய வருடம், புரட்டாசி மாதம், ஒரு திங்கட்கிழமை, காலை 9.10. வயது இருபத்தெட்டு. விஸ்வநத்தத்துக்குப் பக்கத்தில் வீடு, பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குத் திரி செருகும் வேலை. பத்து நாளாகக் காய்ச்சல், வாந்தி. உள்ளங்கை மஞ்சளாக இருந்ததை அவள் முதலில் கண்டுகொள்ளவில்லை. கந்தகத்தில் புழங்குகிற கை மஞ்சளாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள். கண்ணும் மஞ்சளான பிறகு மாலை போட்டார்கள். எங்களிடம் வந்தபோது அது தோளில் கிடந்தது.

ரத்தம் எடுக்கும்போது, "எத்தன நாள் சார் ஆகும்?" என்று கேட்டாள். "பிள்ள ரெண்டாப்பு படிக்கா. பக்கத்து வீட்டுல விட்டுட்டு வந்திருக்கேன்."

அவள் புருசன் மாடசாமி ஆப்செட் அச்சகத்தில் மெஷின்மேன். காலண்டர் சீசன். "நாங்க அடுத்த வருசம் ஆகஸ்ட்டுல இருக்கோம் அண்ணாச்சி" என்றான். "பொங்கலு, சித்திரை எல்லாம் முடிஞ்சிருச்சு. இனிமே ஆகஸ்ட்டு ஓடிட்டுருக்கு, ரெண்டு நாள்ல செப்டம்பர் போட்ருவோம்." தினமும் சாப்பாட்டு நேரத்தில் வந்து, தான் எந்த மாதத்தில் இருக்கிறான் என்று பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டுப் போவான். அவள் அதற்குச் சிரிப்பாள்.

திங்கள் எஸ்.ஜி.பி.டி. 2260. மேல் அம்பு. செவ்வாய் 1720. கீழ் அம்பு. புதன் 1310, வியாழன் 940. மூன்று கீழ் அம்புகள் வரிசையாக. பிலிருபின் எட்டில் தொடங்கி, பதினொன்று, பதினான்கு, பதினேழு என்று ஏறியது. அதற்கு அம்பு கிடையாதே.

புதன்கிழமை பார்வையாளர் நேரத்தில் அவளுடைய கம்பெனி போர்மேன் செல்லையா வந்தார். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. கம்பெனி வேனை ஆஸ்பத்திரி வாசலிலேயே நிறுத்திவிட்டு வந்திருந்தார்.

"ஏ பேச்சி, அம்பு எங்கன பாக்குது?"

"கீழ பாக்குதாம்" என்றான் மாடசாமி.

"பெறவென்ன. ஆர்டர் மலை மாதிரி கெடக்கு. இவ கை மாதிரி வேகம் யாருக்கு இருக்கு?" என்னைப் பார்த்துத் திரும்பினார். "நானும் சும்மா விடல அண்ணாச்சி. காச்சல்னு சொன்ன அன்னைக்கே மாத்திரை குடுத்துட்டேன். ஒரு நாளைக்கு ஆறு, ஒரு வாரம். சீசன்ல எல்லாருக்கும் நம்ம டப்பாவுல இருந்துதான்."

என்ன மாத்திரை என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினார். பாராசிட்டமால். நல்ல மாத்திரைதான். ஆனால் நோய்ப்பட்ட கல்லீரலின் மேல் அத்தனை நாள் அத்தனை மாத்திரை போட்டால் அது தாங்காது. கேஸ் ஷீட்டில் எழுதும்படி சிஸ்டரிடம் சொன்னேன். எழுதினார். பெரிய டாக்டர் அன்று தாளில் மேல் மூலையை மட்டும்தான் பார்த்தார்.

வியாழக்கிழமை ரவுண்ட்ஸில், "நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்று எழுதினார். மாடசாமி வார்டுக்கெல்லாம் கடலைமிட்டாய் கொடுத்தான். எனக்கு இரண்டு. மாலை அன்று நெஞ்சுக்கு வந்திருந்தது. இதை நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை, டைரியில் அப்படியே இருக்கிறது: "அம்பும் மாலையும் ஒரே கருத்து."

வெள்ளிக்கிழமை காலை 7.40. கடைசி அம்புக்காக ரத்தம் எடுக்கப் போனேன். பேச்சியம்மாள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு நாளா பகல்ல தூக்கந்தான்" என்றார் சிஸ்டர் எஸ்தர். "ராத்திரி கண்ணு மூடல. காலையில என்னைப் பாத்து, 'மதினி, வேன் வந்துருச்சா'ன்னு கேக்குது."

"வேல ஞாபகம் சிஸ்டர்" என்றார் செல்லையா. அவர் ஏழரைக்கே வேனோடு வந்துவிட்டார். "கையப் பாருங்க, திரி சொருகுது."

பார்த்தேன். போர்வையின் மேல் அவளுடைய இரண்டு கைகளும் மெதுவாக அசைந்துகொண்டிருந்தன. விரல்கள் எதையோ எடுத்து எதற்குள்ளோ விட்டன. பக்கத்துப் படுக்கைக்காரி எட்டிப் பார்த்து, "பாவம், தூக்கத்துலயும் கம்பெனிதான்" என்றாள். மாடசாமிக்குப் பெருமை. எனக்கும் அது நியாயமாகவே பட்டது. பத்து வருடம் ஒரே வேலை செய்த கை தூக்கத்திலும் அதைச் செய்யும் என்று நம்புவதற்கு எங்கள் ஊரில் யாருக்கும் கஷ்டமில்லை.

ரத்தம் எடுத்து ஊசியை உருவி, பஞ்சை வைத்து அழுத்தினேன். ஒரு நிமிடத்தில் நிற்கவேண்டியது. நிற்கவில்லை. மூன்று பஞ்சு மாற்றினேன். பன்னிரண்டு நிமிடம் அவள் முழங்கையை மடக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். லேபுக்கு வந்து கண்ணாடிக் குழாயை ஸ்டாண்டில் வைத்தேன். பத்து நிமிடத்தில் ரத்தம் உறைந்து அல்வா மாதிரி நிற்கும், மேலே சீரம் தெளியும், அதைத்தான் சோதிப்போம். இருபது நிமிடம் கழித்துச் சாய்த்துப் பார்த்தேன். அது தண்ணீர் மாதிரி ஓடியது.

எஸ்.ஜி.பி.டி. குறைவதற்கு இரண்டு காரணம் உண்டு. குடோனில் தீப்பிடித்தால் புகை எப்போது குறையும்? தீ அணைந்தால் குறையும். எரிய எதுவும் மிச்சமில்லாவிட்டாலும் குறையும். சிவகாசிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கல்லீரலிலும் அப்படித்தான். உடைய இனி செல் இல்லையென்றாலும் எண் கீழேதான் வரும், அம்பும் கீழேதான் பார்க்கும். ரத்தம் உறைவதற்கு வேண்டிய சரக்கைச் செய்வதும் கல்லீரல்தான். அது செய்கிறதா இல்லையா என்று பார்க்கும் சோதனைக்குப் புரோத்ராம்பின் நேரம் என்று பெயர். எங்கள் ஆஸ்பத்திரியில் அதை ஆபரேஷனுக்கு முன்னால் மட்டும் செய்வோம். அதுவும் டாக்டர் சீட்டு இருந்தால்.

சீட்டு இல்லாமல் செய்தேன். 8.20-க்கு இன்னொரு முறை ரத்தம் எடுத்து, உறையாமல் இருக்க மருந்திட்ட குழாயில் ஊற்றினேன். என் கையிலிருந்தும் எடுத்துக்கொண்டேன், ஒப்பிட ஓர் ஆரோக்கியமான மனிதன் வேண்டும், அந்த நேரத்தில் லேபில் என்னை விட்டால் ஆளில்லை. இரண்டையும் சுழற்றித் தெளிவை எடுத்து, முப்பத்தேழு டிகிரி வெந்நீரில் வைத்து, ரியேஜண்ட் என்ற ரசாயனத்தை விட்ட கணத்தில் ஸ்டாப்வாட்சை அமுக்கி, விளக்கு வெளிச்சத்தில் குழாயைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கவேண்டும். பாலில் ஏடு கட்டுவது மாதிரி ஓர் இழை தோன்றும். அந்தக் கணத்தில் நிறுத்தவேண்டும். எனக்குப் பதின்மூன்று வினாடி. பேச்சியம்மாளுக்கு ஐம்பத்திரண்டு. நம்பாமல் மறுபடி செய்தேன். ஐம்பத்துநான்கு.

மணி 8.55. பெரிய டாக்டர் அறையில் டிஸ்சார்ஜ் தாள்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன லேப், காலையிலேயே?"

"பேச்சியம்மாள் சார், ஆறாம் நம்பர். புரோத்ராம்பின் அம்பத்திரண்டு."

"சீட்டு?"

"சீட்டு இல்ல சார். நானாத்தான் போட்டேன்."

அவர் பேனாவை வைத்தார். கோபமில்லை, வருத்தம்தான். "சீட்டு இல்லாம ரிசல்ட் எப்படி வரும்? நாளைக்கு வார்டு வந்து, நானா ஒரு ஆபரேஷன் பண்ணிட்டேன்னு சொல்லும். ஸ்டோர் வந்து, நானா ரெண்டு பேர டிஸ்சார்ஜ் பண்ணிட்டேன்னு சொல்லும். ஒரு ஒழுங்கு வேணும்ல?"

"ரத்தம் உறையல சார்."

"அம்பு கீழ பாக்குது, லேப்."

இதற்கு மேல் வாயால் பேசிப் பயனில்லை என்று தெரிந்தது. கொண்டுபோயிருந்த, மருந்திடாத இரண்டு குழாய்களையும், மூடி இறுக்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, அவர் முன்னால் நீட்டினேன். ஒன்றில் என் ரத்தம். எட்டரைக்கு எடுத்தது. தலைகீழாகக் கவிழ்த்தேன். அசையாமல் நின்றது. இன்னொன்றில் அவளுடையது. ஏழு நாற்பதுக்கு எடுத்தது. கவிழ்த்தேன். மூடி வரைக்கும் ஓடி வந்து நின்றது. நிமிர்த்தினேன், திரும்ப ஓடியது.

அவர் அதைத் தாளைப் பார்க்கிற மாதிரியே கை நீட்டி வாங்கி, தூரத்தில் பிடித்து, தலையைச் சாய்த்துப் பார்த்தார். தாமே இரண்டு தடவை கவிழ்த்தார். பிறகு எழுந்தார். முதல் தடவையாக, கையில் எந்தத் தாளும் இல்லாமல் வார்டுக்குள் போனார்.

வார்டில் எல்லாவற்றுக்கும் ஒரு விளக்கம் தயாராக இருந்தது. "பேச்சியம்மா, இது என்ன மாசம்?" என்று, வழக்கமில்லாமல் பெயர் சொல்லி, பெரிய டாக்டர் கேட்டார். அவள் கண்ணைத் திறக்காமல், "ஆகஸ்ட்டு" என்றாள்.

"நான் சொல்லிச் சொல்லி அதுவே வருது சார்" என்றான் மாடசாமி.

"எங்க இருக்க?"

"கம்பெனில."

"பாத்தீகளா" என்றார் செல்லையா.

பெரிய டாக்டர் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்து நீட்டி, விரல்களை விரித்து, மணிக்கட்டைப் பின்னால் மடக்கி, அப்படியே பிடித்திருக்கச் சொன்னார். கைகள் பறவைச் சிறகு மாதிரி தொப்பென்று விழுந்தன, மறுபடி எழுந்தன, மறுபடி விழுந்தன. விலாவில் விரலால் தட்டிப் பார்த்தார். கல்லீரல் இருக்கவேண்டிய இடத்தில் காலிப் பெட்டியைத் தட்டிய சத்தம் வந்தது. "சுருங்கிருச்சு" என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. பிறகு மாடசாமியின் பக்கம் திரும்பினார். "இது தூக்கம் இல்ல, மயக்கம். கல்லீரல் வடிகட்ட வேண்டிய விஷம் மூளைக்குப் போகுது. இப்பவே மதுரைக்குப் போகணும்."

மாடசாமி சிரித்த முகத்தோடே நின்றான். வீட்டுக்குப் போகத் துணியெல்லாம் மடித்து வைத்திருந்தான். "அம்பு கீழதான சார் பாத்துச்சு?" என்றான்.

பெரிய டாக்டர் ஆம்புலன்ஸைக் கொண்டுவரச் சொன்னார்.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஓர் ஆம்புலன்ஸ் இருந்தது. அன்று அது ஒரு டிரஸ்ட் உறுப்பினர் வீட்டு விசேஷத்துக்கு நாற்காலி ஏற்றிக்கொண்டு போயிருந்தது. மீதி இருந்தது கம்பெனி வேன்.

"வேனா? பத்து மணிக்கு ஆளுக்காக..." என்று தொடங்கிய செல்லையா, பெரிய டாக்டரின் முகத்தைப் பார்த்து, "ஏலே, பின் சீட்ட மடக்குலே" என்று டிரைவரிடம் சொன்னார்.

குளுக்கோஸ் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு யார் போவது என்ற பேச்சு வந்தது. பெரிய டாக்டர் வெள்ளைக் கோட்டோடு ஏறி உட்கார்ந்து, பாட்டிலைத் தானே உயர்த்திப் பிடித்துக்கொண்டார். மணி 9.32. மதுரை போய்ச் சேரும்வரை அந்தக் கையை இறக்கவில்லை என்று பிறகு மாடசாமி சொன்னான். இதையும் எழுதியிருக்கிறேன். சிரிப்பதற்கானதை மட்டும் எழுதினால் அது டைரி இல்லை.

அடுத்த நாட்களில் மாடசாமி காலை பத்து மணிக்கு லேபுக்குப் போன் செய்வான். முதல் நாள், "கூப்பிட்டா முழிக்கா, பேச்சு இல்ல" என்றான். இரண்டாம் நாள் கூப்பிட்டாலும் முழிக்கவில்லை. மஞ்சள் தண்ணீர் மாதிரி ஏதோ பை பையாக ஏற்றுகிறார்கள் என்றான், அது பிளாஸ்மா. மூன்றாம் நாள் அழுகிற குரலில் ஒரு புகார் சொன்னான்.

"பேதிக்கு மருந்து குடுக்காக அண்ணாச்சி. ஏற்கெனவே உப்பில்லாக் கஞ்சியில கெடந்த உடம்பு. நாலு தடவ போகுது. நிப்பாட்டச் சொல்லவா?"

"நிப்பாட்டக் கூடாது மாடசாமி. குடல்ல சேர்ற விஷம்தான் மூளைக்கு ஏறுது. அத வெளிய தள்ளுறதுக்குத்தான் அந்த மருந்து. போகப் போக நல்லது."

"நீங்க இதுவும் கீழ போனா நல்லதுங்கீக" என்றான். சொல்லிவிட்டு அவனே ஒரு மாதிரி சிரித்தான்.

ஐந்தாம் நாள் அவள் கண் விழித்தாள். பதினாறாம் நாள் வீடு வந்தாள். தண்ணீரில் வரும், ஆங்கில எழுத்து 'ஈ' போட்டுச் சொல்லும் காமாலைக் கிருமி என்று மதுரையில் கண்டுபிடித்தார்கள். அதன் மேல் மாத்திரையும் சேர்ந்து கல்லீரலைக் கவிழ்த்திருக்கிறது. செல்லையாவின் டப்பா கம்பெனியிலிருந்து மறைந்தது. சீசன் முடிந்த பிறகு.

அவளைக் காப்பாற்றியது யார் என்பதில் ஊரில் மூன்று கட்சி இருந்தது. மதுரைக்குப் போகும்போதும் மாலையைக் கழற்றவில்லை, அதுதான் காரணம் என்றார் மாலை கட்டியவர். தன் வேன் எவ்வளவு வேகத்தில் போனது என்று செல்லையா ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டிச் சொன்னார். மதுரை டாக்டர், "உரிய நேரத்தில் புரோத்ராம்பின் நேரம் பார்த்து அனுப்பியமைக்கு" நன்றி தெரிவித்து, அவளைச் சேர்த்த வெள்ளிக்கிழமையே பெரிய டாக்டர் கையில் ஒரு கடிதம் கொடுத்திருந்தார். அது கண்ணாடி போட்டு வரவேற்பறையில் மாட்டப்பட்டது.

அந்தக் கடிதத்தால் ஒரு சிக்கல் வந்தது. உரிய நேரத்தில் சோதனை செய்ததற்கு எங்கள் ஆஸ்பத்திரியில் சீட்டு இல்லை. அடுத்து வந்த திங்கட்கிழமை காலை பெரிய டாக்டர் தாமே லேபுக்கு வந்து, மேஜையில் ஒரு சீட்டை வைத்தார். பேச்சியம்மாள், புரோத்ராம்பின் நேரம், அவசரம். தேதி புதன்கிழமை. அதாவது, அவருக்கு அந்த எண்ணம் தோன்றுவதற்கு இரண்டு நாள் முந்தியது.

"ஃபைல் முழுசா இருக்கணும், லேப்" என்றார் மெல்லிய குரலில். "உங்களுக்கும் அது பாதுகாப்பு."

உண்மைதான். அந்தச் சீட்டு இல்லாவிட்டால் அனுமதியின்றி ரியேஜண்ட் செலவழித்ததற்கு எனக்கு மெமோ வரும். வாங்கி ரிஜிஸ்டரில் ஒட்டினேன். ஒட்டிய பிறகு என் பங்குக்கு இரண்டு கட்டங்களை நிரப்பவேண்டும், எப்போதும் போல நிரப்பினேன். சோதனை செய்தது: வெள்ளி, காலை 8.50. சீட்டு கிடைத்தது: திங்கள், காலை 10.20. அந்த ரிஜிஸ்டரை யாராவது படித்தால் வார்டிலிருந்து லேபுக்கு வர அந்தச் சீட்டுக்கு ஐந்து நாள் ஆனதும், அது வந்து சேர்வதற்கு மூன்று நாள் முன்பே அதை நான் நிறைவேற்றிவிட்டதும் தெரியும். தூரம் நாற்பத்தோர் அடி. யாரும் படிக்கவில்லை. ஆனால் அடுத்த மாதத்திலிருந்து காமாலை வார்டுச் சீட்டில் புரோத்ராம்பின் நேரம் அச்சிட்டே வந்தது. அம்பு நின்றுவிட்டது.

பேச்சியம்மாள் 2007 தை மாதம், பொங்கல் முடிந்த வாரம், சோதனைக்கு வந்தாள். கண் வெளுத்திருந்தது. மாடசாமி கூட வந்தான். கையை நீட்டியபடி, "சார், ஒண்ணு கேக்கணும்" என்றாள்.

"கேளும்மா."

"வியாழக்கிழம கடலமுட்டாய் தின்னது ஞாபகம் இருக்கு. பெறவு கண்ணு முழிச்சா மதுர. நடுவுல ஒண்ணுமே எங்கிட்ட இல்ல. நீங்க நேரம் போட்டு எழுதி வச்சிருக்கீகளாம்ல. இவுக சொன்னாக. வாசிச்சுக் காட்டுங்க."

மேஜை இழுப்பறையில் பழைய டைரி இருந்தது. எடுத்து வெள்ளிக்கிழமைப் பக்கத்தை வாசித்தேன். சிஸ்டரை மதினி என்று கூப்பிட்டது. ஆகஸ்ட். மாடசாமி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் வேறு யாரோ பெண்ணின் கதையைக் கேட்கிறவள் மாதிரி தலையாட்டிக் கேட்டாள். அடுத்த வரி: "7.45. நோயாளியின் கைகள் வேலை ஞாபகத்தில் திரி செருகுகின்றன."

"யாரு சொன்னது?"

"உங்க போர்மேன்தான். நானும் பார்த்தேன்."

"எப்படிப் போச்சு கை? செஞ்சு காட்டுங்க."

எனக்குக் கூச்சமாக இருந்தது. டைரியை வைத்துவிட்டு, நினைவில் இருந்தபடி இரண்டு கைகளையும் அசைத்துக் காட்டினேன். வலது கை ஒன்றை எடுத்து மேலே போடும். இடது கை ஒன்றை எடுத்து மேலே போடும். நடுவில் ஓர் இழுப்பு.

அவள் சிரித்துவிட்டாள். "திரின்னா ஒத்தக் கைதான சார் போகும். மத்தக் கை வெடியப் புடிச்சிருக்கும். இது மூணாப் பிரிச்சு மாத்தி மாத்திப் போடுறது." காற்றில் அவளே செய்து காட்டினாள், வேகமாக, நான் காட்டியதைவிட நான்கு மடங்கு வேகமாக. "பிள்ளைக்குச் சட பின்னிருக்கேன். வேன் ஆறரைக்கு வந்துரும்ல, அதுக்குள்ள முடிக்கணும்னு."

நான் பேனாவை எடுத்து அந்த வரியை ஒற்றைக் கோட்டால் அடித்தேன். ரிஜிஸ்டரில் திருத்துவது போல, பழையது தெரியும்படி. மேலே "சடை பின்னுகின்றன" என்று எழுதி, அன்றைய தேதியும் நேரமும் போட்டேன். யார் சொல்லித் திருத்தியது என்பதும் இருக்கவேண்டும் என்று அவளைக் கையெழுத்துப் போடச் சொன்னேன். போட்டாள்.

"அந்தப் பதினாறு நாளும் பிள்ளைக்கு யாரு பின்னிவிட்டதுன்னு இருக்கா சார் இதுல?"

"அது இல்லம்மா."

"நாந்தான்" என்றான் மாடசாமி, இன்னும் தரையைப் பார்த்தபடி. "தெனமும் காலையில பின்னிவிட்டுட்டுத்தான் மதுரைக்குப் பஸ் ஏறுவேன். ரெட்டச் சடை வரல. ஒத்தச் சடைதான். அதுவும் பள்ளிக்கூடம் போறதுக்குள்ள அவுந்துரும்."

அதையும் எழுதிக்கொண்டேன்.